ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்க்க வேண்டுமா?

உங்கள் மகனுக்குப் பதினோரு வயது என்கிறீர்கள். ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு இப்போதிருந்தே தயார்படுத்தும் ஃபவுண்டேஷன் வகுப்பு பள்ளியிலேயே மாலை நேரத்தில் நடக்கிறது, சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவானா என்று கேட்கிறீர்கள். சேர்க்காதீர்கள் என்பதுதான் என் பதில். அதற்கான விருப்பப் படிவத்தை வைத்துக்கொண்டு வீட்டில் பெரிய விவாதமே நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது இதே படிவம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சென்னை நங்கநல்லூரில் இருக்கிறோம். பள்ளி மூன்றரைக்கு முடியும். இதில் சேர்ந்தால் ஐந்தரை ஆகும், சனிக்கிழமையும் உண்டு, கட்டணம் தனி. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "இப்பவே ஆரம்பிக்கலைன்னா பிளஸ் ஒன்ல வந்து அழுவீங்க" என்று பேசினார். பலர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. என் கணவருக்குப் பயம், எல்லாரும் சேர்க்கும்போது நாம் மட்டும் ஏன் என்று. எனக்குத் துணையாக நின்றது என் மாமியார்தான். "பள்ளிக்கூடம் விட்டு வந்த புள்ள ரெண்டு மணி நேரம் விளையாடினா என்னடா குடி முழுகிடும்?" என்று மகனைக் கேட்டார்.

ஜூனில் பள்ளி திறந்ததும்தான் விஷயமே தெரிந்தது. சேர்ந்தவர்கள் எல்லாம் ஏ பிரிவு, சேராதவர்கள் டி பிரிவு. அவள் தோழிகள் எல்லாரும் ஏ. "அம்மா, டி செக்‌ஷன்னா மக்குன்னு மிஸ்ஸே சொல்றாங்க" என்று வந்து நின்றாள். இன்றுவரை என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. பணம் கட்டாததற்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்? மறுநாளே போய் முதல்வரைப் பார்த்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதமாகவே கொடுத்தேன். அவளை டி பிரிவிலிருந்து மாற்றவில்லை, ஆனால் அந்தப் பேச்சு நின்றது.

மாலையில் அவள் தெருப் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டினாள், த்ரோபால் ஆடினாள், பாட்டியோடு ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனாள். சில நாள் ஒன்றுமே செய்யாமல் மொட்டை மாடியில் படுத்துக் கிடந்தாள். இப்போது ஒன்பதாவது. நன்றாகவே படிக்கிறாள், கணக்கு பிடித்த பாடம்.

"வசதி இருக்கிறது, பேசுகிறீர்கள்" என்று யாராவது வருவார்கள். நாங்கள் இருவருமே மாதச் சம்பளக்காரர்கள், வீட்டுக் கடன் ஓடுகிறது. ஐஐடிக்கு ஆசைப்படுவதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டுத்தான் கட்-ஆஃப். கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் அப்படித்தான். ஐஐடிதான் வேண்டும் என்றாலும், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகமே 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதே பயிற்சியைப் பள்ளிக் கட்டடத்துக்குள் நடத்தினால் மட்டும் பதினோரு வயதுக் குழந்தைக்கு அது எப்படிச் சரியாகும்?

விளையாடு என்று அனுப்பினாலும் எங்கே போவார்கள் என்பது அடுத்த வயிற்றெரிச்சல். எங்கள் பக்கம் பையன்கள் கிரிக்கெட் ஆடிய காலி மனையில் இப்போது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் ஆடுகளம், வந்துவிட்டது. 2024-ல் சென்னை மாநகராட்சியே தன் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் திரும்பப் பெற்றார்கள். அபார்ட்மெண்ட்டில் பந்து சத்தம் கேட்டாலே வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்துவிடுகிறது. பிள்ளைகள் போனையே பார்க்கிறார்கள் என்று அதே குழுவில் மறுநாள் பதிவு போடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தில் "விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சேராதவர்களைத் தனிப் பிரிவில் போடுவார்களா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். பத்தாவது முடித்த பிறகு அவனாக வந்து கேட்டால் அப்போது சேருங்கள்.