திக்குவாயோடு வகுப்பில் எழுந்து பேசுவது எப்படி?

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம், ஒவ்வொரு பாடத்துக்கும் பிரசன்டேசன், எழுந்து நின்றால் முதல் எழுத்திலேயே வாய் கட்டிவிடுகிறது, படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பியா தங்கச்சியா தெரியவில்லை. யாராக இருந்தாலும் படிப்பை விடாதீர்கள். எனக்கும் சின்ன வயதிலிருந்து திக்கும். களுவாஞ்சிக்குடிதான் சொந்த ஊர். மட்டக்களப்பிலேயே புவியியல் படித்துப் பட்டமும் எடுத்து இப்போது வேலை செய்கிறேன்.

எனக்குக் கஷ்டம் 'க'. ஊர்ப் பெயரே அதில் தொடங்குகிறது. கல்முனை பஸ்ஸில் ஏறி, "எங்கே" என்று கொண்டக்டர் கேட்டால், அடுத்த ஊரான "ஓந்தாச்சிமடம்" என்று சொல்லிக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு எங்கள் ஊரில் இறங்கிக்கொள்வேன். உயிரெழுத்து எனக்கு வரும். திக்குகிறவர்கள் இப்படிச் சொல்லை மாற்றி மாற்றித்தான் நாளை ஓட்டுகிறோம், உங்களுக்கும் இது பழக்கமாக இருக்கும். ஆனால் சொந்தப் பெயரையும் பிரசன்டேசன் தலைப்பையும் மாற்ற முடியாதே.

இரண்டாம் வருடத்தில் எங்கள் குழுவுக்கு வந்த தலைப்பு, மட்டக்களப்பு வாவியோரக் கண்டல் (அலையாத்தி) தாவரங்கள். எழுந்து நின்றேன். 'கண்டல்' என்ற சொல்லுக்கு நாக்கின் பின்பக்கம் அண்ணத்தில் போய் ஒட்டியது, பிறகு விடவில்லை. சத்தமே இல்லை. கழுத்து இறுகுகிறது, இமை தானாக அடிக்கிறது, முன்வரிசையில் ஒருத்தி தலையைக் குனிந்துகொள்கிறாள். விரிவுரையாளர், "பிள்ளை, நீங்க இருங்க, மற்றவங்க சொல்லட்டும்" என்றார். இரக்கத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். முழங்கால் சேற்றில் இறங்கிப் படம் எடுத்து, கிண்ணை மரம் எது, கண்ணா மரம் எது என்று பிரித்து எழுதியவள் நான். நான் செய்த ஸ்லைட்டைப் பார்த்து வாசித்தவருக்கு என்னைவிடப் புள்ளி கூட. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்பாவுக்கும் திக்கும். ஆனால் வடமோடிக் கூத்தில் வேசம் கட்டிக் களரிக்கு வந்தால் விடிய விடியப் பாடுவார், ஒரு இடத்தில் தட்டாது. ஊரில் அதை அம்மன் அருள் என்பார்கள். நம்புகிறவர்களின் மனதை நோகடிக்க வரவில்லை. பாடும்போதும் தாளத்தோடு சொல்லும்போதும் பலர் சேர்ந்து வாசிக்கும்போதும் உலகம் முழுவதும் திக்குகிறவர்களில் அநேகருக்குத் திக்கல் மறைந்துவிடுகிறது. இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீயும் இழுத்து ராகமாப் பேசன்" என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. கண்டல் தாவரத்தை ராகம் போட்டு யாரும் விளக்க முடியாது. அப்பா சொன்னது வேறு: "கூத்தில நான் பாடி முடிக்கும் மட்டும் மத்தளக்காரர் விட்டுட்டுப் போறல்ல மகள். நீயும் உனக்கு நேரம் கேள்."

அடுத்த செமஸ்டரில் வேறொரு விரிவுரையாளரிடம் முன்கூட்டியே போனேன். "எனக்குத் திக்கும் மிஸ். என்னைப் பேச்சிலிருந்து எடுக்க வேண்டாம், 10 நிமிசத்தை 15 ஆக்கித் தாங்க" என்று கேட்டேன். உடனே சம்மதித்தார். வகுப்பில் முதல் வசனமாக, "எனக்குத் திக்குவாய். சில சொல் வர நேரம் எடுக்கும், தயவுசெய்து யாரும் எடுத்துத் தர வேண்டாம்" என்றேன். அந்த வசனத்துக்கே நிறைய நேரம் போனது. பின்வாங்கில் ஒரு சிரிப்புக் கேட்டது, யாரோ அதட்டி அடக்கினார்கள். அப்புறம் திக்கினேன், நன்றாகவே திக்கினேன். ஆனால் மறைக்க வேண்டிய வேலை இல்லாததால் பாடம் மனதில் நின்றது. கேள்வி கேட்டவர்களுக்கு அன்றுதான் என்னால் முழுப் பதில் கொடுக்க முடிந்தது.

சொன்னால் திக்கல் சுகமாகிவிடும் என்று நான் எழுதவில்லை, அப்படி வாசித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். "தன்னம்பிக்கை இல்லாததால்தான்" என்று கருத்து எழுதப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திக்கல் பரம்பரையில் ஓடுகிறது, மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பயம் அதைக் கூட்டும், உண்டாக்காது. வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட 100-க்கு 1 ஆளுக்கு இருக்கிறது, ஆண்களுக்குத்தான் அதிகம். அம்மம்மா என் நாக்கில் வசம்பு தேய்க்காத நாளில்லை. பாசத்தில் செய்தார், திக்கல் போகவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பரிசளிப்பு விழாக்களில் பிரதம அதிதி வரும்வரை பிள்ளைகள் வெயிலில் மாலையோடு நிற்கிறார்கள். வந்தவர் மணிக்கணக்காகப் பேசுகிறார், ஒருவரும் மணியடிப்பதில்லை. வகுப்பில் திக்குகிற பிள்ளைக்கு மட்டும் 5 நிமிசம் கூடக் கொடுக்க மனம் வராது. இது அநியாயம்.

சரி, உங்கள் விசயம். ஆஸ்பத்திரியில் பேச்சுச் சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள். தமிழில் பேசுகிறவரையே கேளுங்கள், தமிழ்ப் பேச்சைத் தமிழிலேயே பழகுவதுதான் லேசு. எனக்குப் பலன் தந்தது, நாக்கை அண்ணத்தில் அழுத்தாமல் மெல்லத் தொட்டு, மூச்சை விட்டுக்கொண்டே தொடங்குவது. கண்ணாடிக்கு முன்னால் பழகாதீர்கள், அங்கே அநேகமாகத் திக்காது. அறை நண்பர் ஒருவரை இருத்தி அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். விரிவுரையாளரிடம் செமஸ்டர் தொடங்கிய வாரமே போங்கள், பிரசன்டேசன் அன்று காலையில் போனால் சாட்டுச் சொல்வதாக நினைப்பார்கள். நேரில் சொல்ல வராவிட்டால் ஒரு மின்னஞ்சல் போதும்.