நாயோடு மலையேற்றம்: ஷெனண்டோவா சரி, ஸ்மோக்கி மலைகள் வேண்டாம்

கேள்வி: நாங்கள் வர்ஜீனியாவில் வசிக்கிறோம். ஜூலை விடுமுறையில், எங்கள் இரண்டு வயது லாப்ரடாரையும் அழைத்துக்கொண்டு ஷெனண்டோவா தேசியப் பூங்காவிலும், பிறகு கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவிலும் கூடாரமடித்துத் தங்கி மலையேற எண்ணியிருக்கிறோம். இரண்டும் தேசியப் பூங்காக்கள் என்பதால் விதிகளும் ஒன்றாகத்தான் இருக்குமா? குழந்தைகளோடு அருவிகளுக்குப் போகும் நேரத்தில் நாயைக் கூடாரத்தில் விட்டுச் செல்லலாமா?

பதில்: விதிகள் ஒன்றல்ல. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் அனைத்துக்கும் பொதுவான சில கட்டுப்பாடுகள் உண்டு. நாய் எப்போதும் ஆறடிக்கு மிகாத கயிற்றில் இருக்க வேண்டும், அதன் மலத்தை உரிமையாளரே பையில் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், அதை எங்கேனும் கட்டிவைத்துவிட்டு ஆளில்லாமல் போகக் கூடாது. ஆனால் நாய் எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதை அந்தந்தப் பூங்காவின் நிர்வாகமே முடிவு செய்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பூங்காக்களும் இந்த விஷயத்தில் நேர் எதிரானவை.

ஷெனண்டோவாவில் 500 மைலுக்கும் அதிகமான நடைபாதைகள் உள்ளன. அவற்றில் நாய்க்கு அனுமதியில்லாத பகுதி 20 மைலைக்கூட எட்டாது. எனினும் பலரும் தேடிப்போகும் பாதைகள் அந்தச் சிறு பகுதிக்குள்தான் வருகின்றன என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஓல்டு ராக் மலையின் ரிட்ஜ், சாடில் பாதைகள், பாறைகளைப் பற்றி ஏற வேண்டிய பேர்ஃபென்ஸ், ஸ்டோனி மேன், லிம்பர்லாஸ்ட் ஆகியவற்றோடு டார்க் ஹாலோ அருவிப் பாதையும் நாய்களுக்கு மூடப்பட்டதே. அருவி பார்க்க விரும்பும் குழந்தைகளுக்காக அதற்குப் பதில் ரோஸ் ரிவர் சுற்றுப்பாதையைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ நான்கு மைல் நீளமுள்ள அந்தப் பாதை பூங்காவின் ஊடே செல்லும் ஸ்கைலைன் சாலையின் 49ஆம் மைல்கல்லுக்குச் சற்று அப்பால் தொடங்குகிறது; பிக் மெடோஸ் முகாமில் தங்கினால் மிக அருகில்தான்.

ஸ்மோக்கி மலைகளில் நிலைமை வேறு. அங்கே 800 மைலுக்கும் அதிகமான பாதைகள் இருந்தும், நாய்க்குத் திறந்திருப்பவை கேட்லின்பர்க் பாதையும் ஓகோனலஃப்டீ ஆற்றுப் பாதையும் மட்டுமே. இரண்டும் ஒரு வழிக்கு இரண்டு மைலுக்கும் குறைந்த சமதள நடைகள். அப்பலேச்சியன் நெடும்பாதை இவ்விரு பூங்காக்களின் வழியாகவும் செல்கிறது. அதே பாதையில் ஷெனண்டோவாவில் நாய் நடக்கலாம், ஸ்மோக்கியில் நடக்கக் கூடாது. இதை வெறும் கெடுபிடி என்று நான் கருதவில்லை. நாயின் மோப்பமும் குரைப்பும் மான் போன்ற விலங்குகளை அவற்றின் வாழிடத்திலிருந்து விரட்டுகின்றன. நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் பரவவும் கூடும். கயிறில்லாத நாய் கரடியைத் துரத்திப் போய், பயந்து திரும்பி, கரடியை உரிமையாளரிடமே கூட்டிவரும் ஆபத்தும் உண்டு.

ஸ்மோக்கியின் முகாம்களில் கயிற்றில் கட்டிய நாய்க்கு இடமுண்டு என்பதால், பலர் முகாமில் பதிவு செய்துவிட்டு, மலையேறும் நாளில்தான் சிக்கலை உணர்கிறார்கள். உங்கள் இரண்டாம் கேள்வியும் இதைச் சார்ந்ததே. நாயைக் கூடாரத்தில் தனியே விடாதீர்கள். பழக்கமில்லாத இடத்தில் தனித்துவிடப்பட்ட நாய் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடக்கூடும். காரில் விடுவது அதைவிடக் கொடியது: வெளியே 24 டிகிரி செல்சியஸ் என்ற இதமான வெப்பம் இருக்கும்போதே, மூடிய காருக்குள் பத்து நிமிடங்களில் 34 டிகிரியைத் தொட்டுவிடும். ஆகவே ஸ்மோக்கியை நாயில்லாத மற்றொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை ஷெனண்டோவாவிலேயே கூடுதலாகத் தங்குங்கள். தெற்கே போயே ஆக வேண்டுமென்றால், வட கரோலினாவின் பிஸ்கா தேசிய வனத்தை நாடலாம். தேசிய வனங்கள் தேசியப் பூங்காக்களிலிருந்து வேறுபட்டவை. வனச் சேவைத் துறையின் கீழ் வருபவை. அவற்றின் பெரும்பாலான பாதைகளில் நாய்க்கு அனுமதி உண்டு.

ஜூலை மாதம் எனக்குக் கவலை தருகிறது. நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைப்பின் வழியாகவே அது பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. லாப்ரடாரோ சோர்ந்து விழும்வரை உற்சாகமாக ஓடும் இனம். எனவே விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். இரைப்பு அடங்காமல் இருப்பது, எச்சில் கெட்டியாவது, ஈறுகள் கடுஞ்சிவப்பாவது, நடை தள்ளாடுவது ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் உடனே நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இரவில் நாயின் உணவையும் கிண்ணத்தையும் உங்கள் உணவைப் போலவே காருக்குள்ளோ கரடி திறக்க முடியாத பெட்டியிலோ பூட்டிவைக்க வேண்டும்; நாயைக் கூடாரத்துக்குள் உங்களோடு உறங்கவையுங்கள்.

கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, உண்ணி மருந்தையும், உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய்க்கான தடுப்பூசியையும் பற்றிக் கேளுங்கள். வர்ஜீனியாவில் மான் உண்ணி பரவலாக உள்ளது. லைம் நோய்க்கிருமி உடலில் ஏறுவதற்கு உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், தினமும் மாலையில் காதின் உட்புறம், அக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, கண்ட உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுங்கள்.