வாடகை வீடும் புரோக்கர் கமிஷனும்

கேள்வி: மடிப்பாக்கத்தில் 18,000 ரூபாய் வாடகையில் வீடு பிடித்திருக்கிறது. புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்கிறார். சட்டத்தில் அப்படி இருக்கிறதா?

பதில்: இல்லை. ஒரு மாத வாடகை என்பது சென்னையில் நிலைத்துவிட்ட வழக்கம், அவ்வளவுதான். பேரம் பேசலாம். ஆனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். வீடு பிடித்துப்போன முகத்தைப் பார்த்த புரோக்கர் இறங்கி வரமாட்டார். அக்ரிமென்ட் கையெழுத்தாகி, சாவி கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: 11 மாத அக்ரிமென்டைப் புதுப்பிக்கிறோம். பழைய புரோக்கர் மறுபடி அரை மாதக் கமிஷன் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள்.

கேள்வி: போட்டோவைப் பார்த்துவிட்டு, “இன்னொரு பார்ட்டி வருது” என்று சொன்னதை நம்பி 10,000 ரூபாய் டோக்கன் அனுப்பினேன். இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? சரி, படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அப்புறம் வங்கிக்குச் சொல்லுங்கள். தாமதமானால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பா 15,000 ரூபாய் கமிஷன் கொடுத்துக் குடிபோனார். மூன்றாவது மாதமே, மகன் வருகிறான், காலி செய்யுங்கள் என்கிறார் வீட்டுக்காரர். புரோக்கரோ, “என் வேலை முடிஞ்சுது சார்” என்கிறார்.

பதில்: உங்கள் அப்பாவுக்கு நடந்தது அநியாயம். எனக்கும் வேளச்சேரியில் இதே கதைதான். கமிஷன் வாங்கியவர் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தார். பெயர் இல்லை, தேதி இல்லை. நான்கே மாதத்தில் வீட்டை விற்றுவிட்டார்கள். அந்தத் தாள் எதற்கும் உதவவில்லை.

வீட்டுக்காரருக்கு ஆள் பிடித்துத் தருகிறவர் புரோக்கர். கூலி மட்டும் குடிவருகிறவர் தலையில். பல இடங்களில் இருவரிடமும் வாங்குகிறார்கள். ஜெர்மனியில் 2015 முதல், நியூயார்க் நகரில் 2025 ஜூன் முதல், தரகரை யார் அமர்த்தினாரோ அவர்தான் கூலி தரவேண்டும். இங்கே ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யவேண்டிய கட்டாயம்கூட வீடு, மனை விற்கும் தரகர்களுக்குத்தான். வாடகைத் தரகரைக் கேட்பார் இல்லை. இதை மாற்றியே ஆகவேண்டும்.

அப்பா அவசரப்பட்டுக் காலி செய்ய வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வீட்டுக்காரர் நினைத்தவுடன் வெளியேற்ற முடியாது; வாடகை நீதிமன்றம் போகவேண்டும். அக்ரிமென்ட் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சமரசமாகப் போவதென்றால் அட்வான்ஸ் முழுவதும் கைக்கு வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். கமிஷனையும் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். அடுத்த வீட்டில், ஆறு மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னால் கமிஷனைத் திருப்பித் தருவதாகப் புரோக்கரிடம் பெயர், தேதியோடு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வீடு காட்டவே 500 ரூபாய் கேட்கிறார்களே?

பதில்: வேறு புரோக்கரைப் பாருங்கள்.