ஆண்கள் திருமண மோதிரத்தை எந்தக் கையில் போட வேண்டும்? எப்போதும் கழற்றாமல் இருக்கலாமா?

நிச்சயம் முடிந்து மோதிரம் வாங்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரிட்டன், அமெரிக்காவில் இடது மோதிர விரல். ஜெர்மனி, போலந்து, ரஷ்யா, கிரீஸில் வலது. ஜெர்மனியில் நிச்சயத்துக்கு இடது கையில் போட்ட அதே வளையத்தைக் கல்யாணத்தன்று வலது கைக்கு மாற்றுபவர்களும் உண்டு. முஸ்லிம் மாப்பிள்ளைக்குத் தங்கம் ஆகாது, வெள்ளிதான். நம் இந்துக் கல்யாணத்தில் தாலிதான் அடையாளம். மாப்பிள்ளை மோதிரத்துக்குப் பொதுவான கை விதி இல்லை. "எங்கள் வீட்டில் வலதுதான்" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அது அவர்கள் வீட்டு வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் கையால் சாப்பிடுகிறவருக்கு இடதுதான் வசதி. வலது கையில் போட்டால் கல் பதித்த குழியில் சோறும் எண்ணெயும் சேரும்.

அளவை மாலையில் எடுங்கள். காலைக் குளிரில் விரல் மெலிந்திருக்கும். உள் சுற்றளவு 60 மி.மீ. என்றால் நம் கடைகளில் அது 20ஆம் அளவு. முட்டியைத் தாண்டும்போது கொஞ்சம் இறுக வேண்டும், தாண்டியபின் லேசாகச் சுழல வேண்டும். 6 மி.மீ.க்கு மேல் அகலமான பட்டை என்றால் ஓர் அளவு கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் வளையத்துக்கு 22 காரட் (916) போதும். கல் வைத்தால் 18 காரட் (750) நல்லது. 22 மெது, கல்லைப் பிடிக்கும் கால்கள் வளைந்து கல் விழும். பின்னால் பெரிதாக்க நேர்ந்தால் உள்ளே பொறித்த ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணை விட்டுத் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். டங்ஸ்டன் மோதிரத்தைப் பெரிதாக்கவே முடியாது.

அச்சில் வார்த்த மோதிரத்துக்கும் சேதாரம் போடுகிறார்களே, செய்யும்போது உதிரும் தூளெல்லாம் திரும்ப உருக்கப்படுகிறது. எது சேதமானது என்று பில் போடுமுன் கேளுங்கள்.

லேத், மோட்டார், மின்கம்பி, ஏணி என்று வேலை பார்ப்பவர் கழற்றாமல் இருக்கவே கூடாது. மோதிரம் எதிலாவது மாட்டி இழுத்தால் விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். மற்றவர்களும் இரவில் கழற்றி, ஈரத்தைத் துடையுங்கள். அடியில் தங்கும் சோப்பு நீராலும் அரிப்பு வரும்.

மோதிரம் கழலாமல் விரலில் மாட்டிக்கொண்டால் கையை உயர்த்தி, ஐஸ் தண்ணீரில் வையுங்கள். பிறகு நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் உள்ளங்கைப் பக்கம் நுழைத்து, மறுமுனையால் முட்டி தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். நுழைத்த முனையை விரல் நுனி நோக்கி இழுத்துப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் நகர்ந்து வரும். விரல் நீலமாகிவிட்டால் நூலெல்லாம் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய் மோதிரத்தை வெட்டி எடுங்கள்.