மிச்சிகனில் பழைய மஸ்டாங் வாங்க நினைக்கும் தம்பிக்கு

கேள்வி இது: அமெரிக்கா வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, டெட்ராய்ட் பக்கம் வேலை, எச்-1பி விசா, அபார்ட்மெண்ட் வாசம். ஊரில் பழைய புல்லட்டைப் பிரித்துப் பூட்டிய பழக்கம் உண்டு. கையில் 15,000 டாலர். 1967 அல்லது 68 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் வரை சரிந்து இறங்கும் மாடல்) ஒன்றை ஓடாத நிலையில் மலிவாக வாங்கி, தானே பிரித்துப் புதுசாக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

தம்பி, முதலில் அந்த ஃபாஸ்ட்பேக்கை மறந்துவிடுங்கள். ஓடாத வண்டியையும்தான். 15,000 டாலருக்குள் மாட்டுகிற ஃபாஸ்ட்பேக் அநேகமாகத் துருவுக்கு மேல் பெயிண்ட் அடித்ததாகவே இருக்கும். அதே பணத்துக்கு ஹார்ட்டாப் கூப் (சாதாரணக் கூரை, இரண்டு கதவு) ஒன்று, 200 கியூபிக் இஞ்ச் ஆறு சிலிண்டரோ 289 கியூபிக் இஞ்ச் எட்டு சிலிண்டர் வி8-ஓ, ஸ்டார்ட் ஆகி நகர்ந்து நிற்கிற நிலையில் கிடைக்கும். பிரித்துப் போட்டிருக்கிற வண்டியை விற்பவர் எல்லா பார்ட்ஸும் டப்பாவில் இருக்கிறது என்பார். இருக்காது. எந்த போல்ட் எந்த இடத்துக்கு என்பது பிரித்தவருக்கே மறந்திருக்கும்.

எஞ்சினைப் பற்றிக் கடைசியில் கவலைப்படலாம். 289-க்குப் பிஸ்டன் ரிங்கிலிருந்து பேக்கிங் வரை எல்லாம் புதிதாகக் கிடைக்கிறது. பார்க்க வேண்டியது தகரம். மஸ்டாங்குக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்பேதான் சேசிஸ். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், அந்த உப்பு முதலில் தின்பது தரைத் தகடும் அடியில் ஓடும் ஃபிரேம் ரெயிலும். அரிசோனா, கலிபோர்னியா வண்டியென்றால் சீட்டும் ரப்பரும் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், ஆனால் தகரம் திடமாக இருக்கும். லாரி வாடகை கொடுத்தாவது அதைக் கொண்டுவருவதுதான் லாபம். இங்கே டிங்கரிங் கூலி மணிக்கணக்கில், நம்மூர்க் கணக்கே வேறு.

பார்க்கப் போகும்போது டார்ச்சும், மெல்லிய துணி சுற்றிய காந்தமும், விற்பவர் சம்மதித்தால் ஒரு வாளித் தண்ணீரும் போதும். விண்ட்ஷீல்டுக்குக் கீழே, பானட் முடிகிற இடத்தில் வரிசையாகக் காற்றுத் துவாரங்கள் இருக்கும். அதற்குக் கௌல் என்று பெயர். அதில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் இரண்டு முன் மட்கார்டுகளுக்கும் பின்னால், கதவுக் கீல் பக்கமாகத் தரையில் வடிய வேண்டும். உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டுக்கு அடியில், ஹீட்டர் பெட்டியைச் சுற்றிக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் கௌலின் உள்தகடு ஓட்டை. அதைச் சரிசெய்ய மட்கார்டைக் கழற்றி, மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரித்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தரைத் தகடு அழுகிய வண்டிகளில் பாதிக் காரணம் இந்தக் கௌல் ஒழுகல்தான் என்பது என் கணிப்பு. அதைச் சரிசெய்யாமல் தரையை மட்டும் மாற்றினால் புதுத் தரையும் போய்விடும்.

காந்தத்தைக் கதவின் அடிப்பக்கம், முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மட்கார்டு அடி, பின்சக்கரத்தைச் சுற்றிய வளைவு என்று நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, பட்டி. பானட்டைத் திறந்து, முன் ஸ்பிரிங் உட்காரும் ஷாக் டவரில் வெடிப்போ, வெல்டிங் செய்த வடுவோ இருக்கிறதா பாருங்கள்.

ஓட்டுநர் பக்கம் உள்மட்கார்டின் மேல்விளிம்பில் வின் எண் (வண்டியின் அடையாள எண்) குத்தியிருக்கும். 67-இல் முதல் எண் 7. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டுச்சன். பிறகு 01 ஹார்ட்டாப், 02 ஃபாஸ்ட்பேக், 03 கன்வெர்ட்டிபிள். அதற்கடுத்த எழுத்து எஞ்சின்: டி (T) ஆறு சிலிண்டர், சி இரண்டு பேரல் (கார்புரேட்டரில் இரண்டு வாய்) 289, ஏ நாலு பேரல் 289. விற்பவர் வி8 என்கிறார், வீலில் நாலு போல்ட்தான் இருக்கிறது என்றால் அது ஆறு சிலிண்டர் வண்டி. வி8 மஸ்டாங்குக்கு ஐந்து போல்ட். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கையும் ஆக்ஸிலையும் அப்படியே விட்டவர்கள் உண்டு, அந்த வண்டிகளைத் தொடாதீர்கள். ஃபோர்டின் 1967 முதலான உற்பத்திப் பதிவுகளை மார்ட்டி ரிப்போர்ட் என்று காசு கொடுத்து வாங்கலாம். வின் எண்ணை அனுப்பினால் வண்டி எப்படிப் பிறந்தது என்று தெரிந்துவிடும். டைட்டில் (உரிமைப் பத்திரம்) விற்பவர் பெயரில் இல்லையென்றால் என்ன கதை சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் முதல் வேலை பிரேக். பெயிண்டும் இல்லை, குரோமும் இல்லை. நாலு வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ் (முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று), மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஷூ எல்லாம் புதிதாகப் போடுங்கள். 1967-இல்தான் மஸ்டாங்குக்கு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வந்தது. 65, 66-இல் ஒற்றை அறை, ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி தரைக்குப் போய்விடும், ஒரு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 67, 68 கேட்டது நல்ல முடிவு என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே உள்ள தூசியை ஏர் கம்பிரஸரால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிரியுங்கள், ஸ்பிரிங் எப்படி மாட்டியிருந்தது என்று பார்க்க ஒன்று மிச்சம் இருக்கும். லைனிங் குட்டையான ஷூ முன்பக்கம், நீளமானது பின்பக்கம். இதை மாற்றிப் போடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் பிரேக் சரியாகப் பிடிக்காது. மாஸ்டர் சிலிண்டரை வைஸில் வைத்தே காற்றெடுத்துவிட்டு வண்டியில் மாட்டுங்கள். பிறகு வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்ற வரிசையில் காற்றெடுங்கள். டாட் 3 பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

டயரில் டாட் எழுத்துகளின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2309 என்றிருந்தால் 2009-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் புதுசாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். இங்கே பங்க்கில் வருவது 10 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஹோஸை அது ஊறவைத்து உரித்துவிடும். உரிந்த துகள் கார்புரேட்டரில் அடைக்கும், வெளியே ஒழுகினால் சூடான எஞ்சின் மேல்தான் ஒழுகும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் வாங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள். இந்த மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்க்கின் மேல்பக்கம்தான் டிக்கியின் தரை. டேங்க் அழுகினால் வாடை நேராக உள்ளே வரும்.

பிளாட்டினம் பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான தொடர்பு முனை) உங்களுக்குப் புல்லட்டிலேயே பழக்கம், இங்கும் அதே வேலைதான். 289-க்கு இடைவெளி 0.017 இஞ்ச், டுவெல் மீட்டரில் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டுவது) 26 முதல் 31 டிகிரி. கேமில் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், வண்டி இழுக்காது. அதனால் முதலில் பாயிண்ட், பிறகு டைமிங். வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் டைமிங் லைட்டால் இரண்டு பேரல் எஞ்சினுக்கு 6 டிகிரி வையுங்கள். வயர்களைக் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 289-க்கு ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-4-2-6-3-7-8.

ஆயில் விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த எஞ்சின்களில் கேமுக்கும் டேப்பட்டுக்கும் இடையில் ரோலர் இல்லை, தகடு தகட்டில் உரசுகிறது. புதுக் கார்களுக்கான ஆயிலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காகத் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். அதை ஊற்றினால் கேம் முனை தேயும். துத்தநாகம் கூடுதலாக உள்ளது என்று டப்பாவில் போட்ட ஆயில் வாங்குங்கள், 289-க்கு ஃபில்டரோடு 5 குவார்ட். புதுக் கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங்கே கூடாது, உடனே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிஷம் ஓட வேண்டும்.

குளிர்காலத்துக்கு நிறுத்துமுன் ஆயில் மாற்றுங்கள், பழைய ஆயிலில் உள்ள அமிலம் பேரிங்கைத் தின்னும். டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போக 10 நிமிஷம் ஓட்டுங்கள். கூலண்ட் பாதிக்குப் பாதி. எலி நுழையாமல் சைலன்சர் வாயில் ஸ்டீல் உல் திணித்து, ஸ்டீயரிங்கில் நினைவுச் சீட்டு ஒட்டுங்கள். ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்வது நன்மை என்று பலர் சொல்வார்கள். கெடுதல்தான். சூடாகாத எஞ்சினில் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் கோக்கும். ஏப்ரலில் நல்ல மழை இரண்டு பெய்து ரோட்டு உப்பு கழுவப்பட்ட பிறகு எடுங்கள்.

இப்போது உங்கள் நிலைமை. அபார்ட்மெண்ட் லீஸில் பார்க்கிங்கில் ரிப்பேர் செய்யக் கூடாது என்று அநேகமாக எழுதியிருக்கும். ஸ்டோரேஜ் வாடகைக்காரர்களும் அப்படியே. கராஜ் இல்லாமல் வண்டி வாங்காதீர்கள். கிளாசிக் கார் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பூட்டக்கூடிய கராஜ், தினசரி ஓட்ட வேறு கார், சில வருஷ லைசென்ஸ் அனுபவம் என்று கேட்பார்கள். எடுக்கும்போது அக்ரீட் வேல்யூ (வண்டி மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும்) பாலிசிதான் எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்தானால் பழைய வண்டி என்று தேய்மானம் கழிப்பார்கள்.

மிச்சிகனில் வருடாந்திர வண்டிச் சோதனை கிடையாது. அதனால் பிரேக் சரியில்லாத வண்டிகூட யாரும் சோதிக்காமல் ரோட்டில் ஓடும், கவனம். 26 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கலாம். கார் கண்காட்சி, கிளப் ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் தாராளமாக. டெட்ராய்ட் பக்கத்துப் பழைய கார் ஊர்வலமான உட்வர்ட் டிரீம் குரூஸ் அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமைதான்.

ஒன்றைச் சரிசெய்து விற்று அடுத்ததை வாங்கலாம் என்ற எண்ணம் வரும். 12 மாதத்தில் ஐந்து வண்டி கைமாறினால் இந்த மாநிலத்தில் டீலர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன்னாலேயே எச்-1பி-யில் பிறர் வண்டிக்குக் காசு வாங்கி வேலை செய்வது விசா சிக்கல். நண்பர் கொடுத்தாலும் வாங்காதீர்கள், வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி ஏதாவது கண்ணில் பட்டால் வின் எண்ணும், கார்ப்பெட்டைத் தூக்கி எடுத்த தரைப் படமும், இரண்டு ஷாக் டவர் படமும் போடுங்கள். வெளிப்பக்கப் பளபளப்புப் படம் வேண்டாம்.