இரட்டையருக்கு மாறுவது பின்னடைவா?

வணக்கம் ஐயா. இறகுப்பந்து (பேட்மிண்டன்) ஆடும் 16 வயது மகனைப் பயிற்சியாளர் இரட்டையர் ஆட்டத்துக்கு மாறச் சொன்னதும், ஒற்றையருக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிவிட்டார்களோ என அவன் வாடுவதாக எழுதியிருந்தீர்கள். அப்படி எண்ண வேண்டியதே இல்லை. இந்திய இரட்டையர் வீரர்களான சாத்விக்சாய்ராஜையும் சிராக் ஷெட்டியையும் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர் இணைத்தபோது, இருவருமே பின்களத்தில் நின்று ஓங்கி அடித்துப் பழகியவர்கள். வலையருகே ஆடும் திறனைப் பிறகு வளர்த்துக்கொண்டு, 2023-இல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும் உலகத் தரவரிசையின் முதலிடத்தையும் எட்டினார்கள்.

மகன் சர்வீஸை எதிர்கொள்வதை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். முன்கோட்டை ஒட்டி நின்று, மட்டையை உயர்த்திப் பிடித்து, இறகுப்பந்து வலையைத் தாண்டும் கணத்திலேயே பாய்ந்து கீழ்நோக்கித் தட்டுகிறான் என்றால், பயிற்சியாளர் கண்டது இரட்டையருக்கு ஏற்ற அந்தத் திறனைத்தான்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பரிசுத் தொகையை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தரவரிசைப் புள்ளிகளும் இணையின் பெயரிலேயே சேர்வதால், துணையாட்டக்காரர் காயமுற்றால் உங்கள் மகனின் போட்டிப் பருவமும் தடைப்படும். ஆகவே துணையை அடிக்கடி மாற்றாமல், ஓராண்டாவது ஒருவருடனேயே ஆடவிடுங்கள். ஒற்றையரையும் அதுவரை கைவிட வேண்டாம்.