மடிநோய் திரும்பத் திரும்ப வருகிறது, பேட்டரி ஈயம் காரணமா?

கேள்வி: மணலி சின்னசேக்காட்டில் மூன்று கறவை மாடு வைத்திருக்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் காயலான் கடை, அங்கே பழைய பேட்டரி உடைக்கிறார்கள். ஒரு மாட்டுக்கு மடிநோய் ஆறினாலும் மறுபடி வருகிறது. கன்றுக்குக் கழிச்சல் நிற்கவில்லை. ஈயம் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும் அம்மா. அதிகமாக உள்ளே போனால் கண் தெரியாமல் போகும், பல்லை நறநறவெனக் கடிக்கும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் ஈயம் வெளியே எதுவும் காட்டாமலே எதிர்ப்புச் சக்தியில் கை வைக்கும். கிருமி இருக்கும் இடத்துக்கு ஓடிப்போய் விழுங்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகும். தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பொருள் சரியாக உருவாகாமல் போகலாம். ஈயம் கொடுத்த சுண்டெலிகள், மற்ற எலிகள் தாங்கிக்கொள்ளும் அளவு சால்மோனெல்லா கிருமிக்கே செத்துப்போனதை 1970களிலேயே கண்டறிந்தார்கள்.

அதற்காக உங்கள் மாட்டின் மடிநோய்க்கு ஈயம்தான் காரணம் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஈரத் தரையும் கறவைக்காரர் கையும் கூடக் காரணமாகலாம். மூன்று மாட்டுக்கும் கன்றுக்கும் இரத்தம் எடுத்து ஈய அளவு பாருங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் கேட்டால் மாதிரியை எங்கே அனுப்புவது என்று சொல்வார்கள். இரத்தத்தில் ஈயம் 0.35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.35 பங்கு) அளவைத் தொட்டால் நஞ்சு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தப் பின்சுவரைப் போய்ப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருக்கும். பேட்டரித் தகட்டின் தூள் அது. மாடு அதை ஆசையாக நக்கும். நக்கியது வயிற்றின் வலைப்பையில் தங்கி, நாள்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். முதலில் மாடுகளை அங்கிருந்து மாற்றிக் கட்டுங்கள். தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தப் பக்கத்துப் புல் வேண்டாம். வேரோடு பிடுங்கிய புல்லில் ஒட்டும் மண்ணில்தான் ஈயம் அதிகம். தாது உப்பை நிறுத்தாதீர்கள், சுண்ணாம்புச் சத்து குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.

கடையில் விற்கும் எதிர்ப்புச் சக்தி டானிக்குக்குக் காசைக் கரைக்காதீர்கள். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் ஊசி இருக்கிறது, கால்நடை மருத்துவர் பார்த்துப் போடுவார். ஆனால் மாடு நக்குவது நிற்காவிட்டால் ஊசி போட்டும் பயனில்லை. எலும்பில் புகுந்த ஈயம் வெளியேற மாதக்கணக்காகும்.

இனிச் சொல்வது கசக்கும். பாலிலும் ஈயம் இறங்கும், காய்ச்சினால் போகாது. பரிசோதனை முடியும்வரை பாலை விற்காதீர்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். பால் குடிக்கும் கன்று பெரிய மாட்டைவிட அதிக ஈயத்தை உறிஞ்சும் என்பதால் அதற்கும் வெளியிலிருந்து பால் வாங்கி ஊட்டுங்கள். பிள்ளைகளுக்கும் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். அவர்கள் விளையாடுவதும் அதே மண்ணில்தான். பதிவு பெறாமல் பேட்டரி உடைப்பது சட்டத்துக்குப் புறம்பானது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ரசீதை வாங்கி வையுங்கள்.